லூலுவின் கொழுப்பில் இருந்தது என்ன? ஓர்காவும் பிசிபியும், கேள்வி பதில்

கே: சார், ஸ்காட்லாந்தில் லூலு என்ற ஓர்கா, அதாவது கொலையாளித் திமிங்கலம், விஷம் ஏறித்தான் செத்ததாமே?

ப: இல்லை, மீன்பிடிக் கயிற்றில் சிக்கிச் செத்தது. 2016 ஜனவரியில் டைரீ தீவில் ஒதுங்கிய உடலை அறுத்துப் பார்த்தபோதுதான் கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது தெரிந்தது. 9 மில்லிகிராமிலேயே கடல் பாலூட்டிகளுக்குக் கேடு தொடங்கிவிடும் என்பார்கள், இது நூறு மடங்குக்கும் மேல். வயது குறைந்தது 20, ஆனால் சூலகத்தில் ஒரு தடவைகூடக் கருத்தரித்த அடையாளம் இல்லை. எனக்குக் கயிற்றைவிட இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் லூலு சேர்ந்திருந்த ஓர்காக் கூட்டத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாகக் கவனித்தும் ஒரு குட்டியைக்கூட யாரும் பார்க்கவில்லை.

கே: பிசிபியைத் தடை பண்ணி எவ்வளவோ காலமாச்சே?

ப: ஆமாம், அமெரிக்காவில் 1979, பிரிட்டனில் 1981. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கலந்தார்கள், தீப்பிடிக்காது, சீக்கிரம் சிதையாது. அந்தச் சிதையாத குணம்தான் இப்போது வினை. பழைய கருவிகளிலிருந்தும் குப்பைமேடுகளிலிருந்தும் இன்னும் கசிகிறது.

கே: அண்ணா, ஆலையே இல்லாத ஆர்க்டிக் பக்கம் எப்படிப் போகுது?

ப: வெப்பமான இடத்தில் ஆவியாகிறது, குளிரில் படிகிறது, இப்படியே காற்றோடு வடக்கே நகர்கிறது. கடல் நீரோட்டமும் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் மிதவை உயிரி, மீன், சீல், ஓர்கா என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். அதனால்தான் மீன் மட்டும் தின்னும் ஓர்காவைவிட சீல் தின்னும் ஓர்காவிடம் பல மடங்கு அதிகம்.

கே: ஆண், பெண் வித்தியாசம் உண்டா?

ப: நிறைய. தாய் தன் சுமையைப் பாலில் இறக்கிவிடும், தலைக்குட்டிக்குத்தான் பெரும் பங்கு போகும். ஆணுக்கு அப்படி வழியில்லை, சாகும்வரை சேர்ந்துகொண்டே இருக்கும். குட்டியே போடாத லூலுவுக்கும் அதே கதிதான், அந்த 957க்கு இதுவும் ஒரு காரணம்.

கே: மனுஷங்களுக்கு?

ப: 1980களில் கனடாவின் நூனாவிக் பகுதியில் வாழும் ஆர்க்டிக் பழங்குடியான இனுயிட் தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள், தொழிற்சாலைக்குத் தூரமான இடம், சுத்தமாக இருக்கும் என்று நம்பி! தெற்கு கியூபெக் பெண்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. பெலுகா என்ற வெள்ளைத் திமிங்கலம், சீல் இவற்றின் கொழுப்பு அவர்கள் அன்றாடச் சாப்பாடு. சரி, நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றால், அங்கே கடையில் கிடைப்பது விலை அதிகம், சத்தும் குறைவு.