நீங்கள் வந்து போனால்தான் அம்மா அழுகிறாரா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. இடுப்பு முறிந்த பிறகு, ஐந்து மாதமாகத் திருகோணமலை நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் உப்புவெளியில் இருந்து வாரம் ஒருமுறை போகிறேன். தம்பி கனடாவில். அம்மாவுக்குச் சாப்பாடு குறைந்துவிட்டது. எந்நேரமும் வயிற்றெரிவு, கால் உளைவு என்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி கோயிலுக்குப் போனவர் இப்போது சாமி படத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நான் வெளிக்கிடும்போது அழுகிறார். "நீங்கள் வந்து போனால்தான் அவ குழம்புறா, கொஞ்ச நாளைக்கு வராதேங்கோ" என்கிறார்கள் இல்லத்தில். போகாமல் இருக்கலாமா?

பதில்: போங்கள் சகோதரி, கட்டாயம் போங்கள். வாரம் முழுக்க அடக்கி வைத்த அழுகையை அவர் உங்களிடம் மட்டும்தான் இறக்கி வைக்கிறார். நீங்கள் நின்றுவிட்டால் அழுகை வெளியே தெரியாது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது மனச்சோர்வாக இருக்க நிறைய இடமுண்டு. "வயது போனால் அப்படித்தான்" என்று இதைத் தள்ளிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. முதுமை வேறு, மனச்சோர்வு வேறு. மனச்சோர்வுக்கு வைத்தியம் இருக்கிறது. முதியவர்கள் பலர் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. உளைவு, எரிவு, நித்திரை இல்லை, பசி இல்லை என்று உடம்பைத்தான் சொல்வார்கள். சிலருக்கு மறதியும் கூடும், வீட்டார் அதை மறதி நோய் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் ஓரிரு நாளுக்குள் திடீரென்று தடுமாறிப் பேசினால் அது வேறு விஷயம். சலத்தில் கிருமி, காய்ச்சல் போன்றவை காரணமாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இதில் உங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. இல்லத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஐந்து மாத அம்மாவைத்தான் தெரியும். முன்பு எப்படி இருந்தார், எதற்குச் சிரிப்பார், எத்தனை மணிக்கு எழும்புவார், கோயிலை எப்போது விட்டார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு தாளில் அரைப் பக்கம் எழுதுங்கள். குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அந்தத் தாளோடு திருகோணமலை பொது வைத்தியசாலை மனநல கிளினிக்குக்குப் போங்கள். "விசர் டொக்டரிடமா?" என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகளைக் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் உடல் நோவைப் பற்றிய கேள்விகள் இல்லை, அதனால் இடுப்பு வலி கணக்கைக் குழப்பாது. தைரோயிட், பி12, இரத்தச்சோகை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைரோயிட், பி12 குறைந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் மனிதர் இப்படிச் சோர்ந்து போவார். காது கேட்கிறதா என்றும் பாருங்கள்.

மருந்து தந்தால் பொறுமை வேண்டும். வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதியவர்களுக்கு இன்னும் கூடலாம். பலனில்லை என்று இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் தூக்கக் குளிசை இதற்கு வைத்தியம் ஆகாது, இடுப்பு முறிந்தவர் இரவில் மறுபடி விழவும் அது வழி செய்யும்.

"நான் போய்ச் சேர்ந்தால் நல்லது" என்று சொன்னால், "அப்படிச் சொல்லாதேங்கோ அம்மா" என்று வாயை மூடாதீர்கள். சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா, ஏதாவது செய்ய யோசித்தீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், குளிசைகளை அப்புறப்படுத்துங்கள், உடனே வைத்தியசாலை. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, இரவிலும் எடுக்கலாம்.

அப்புறம், போகும் விதம். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம் இருப்பதைவிட, இரண்டு நாள் அரை மணித்தியாலம் நல்லது. கிழமையும் நேரமும் மாறக்கூடாது. அடுத்தது எப்போது என்று சொல்லிவிட்டே எழும்புங்கள். தம்பியும் நினைத்த நேரத்தில் எடுக்காமல் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு பேசட்டும். இல்லத்துக்கு வந்தவருக்குக் குளிக்கும் நேரத்தைக்கூட வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். ஆகவே ஆறுதல் சொல்வதைக் குறைத்து, அவரிடம் உதவி கேளுங்கள். சொதியை வைத்துக் கொண்டுபோய், "தேசிக்காய்ப் புளி காணுமா?" என்று கேளுங்கள். அவர் குறை சொன்னால் நல்ல அறிகுறி.

இடுப்பு இடம் கொடுக்குமா என்று டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டோவில் பத்திரகாளி கோயில் வாசல் வரைக்கும் கூட்டிப் போக முடியுமா பாருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். திருநீற்றைக் கொண்டுவந்து கையில் கொடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேளுங்கள்.