துணைவேந்தர் தேர்வு ஏன் இழுக்கிறது?

கேள்வி: சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. புதியவரைப் போடுவது இழுத்துக்கொண்டே போனது. இருக்கும் பேராசிரியர்களில் மூத்தவரை நியமித்தால் என்ன?
- வாசகி, செங்கல்பட்டு

பதில்: பணிமூப்பை வைத்துத் தரும் பதவி அல்ல இது. ஒவ்வொரு முறையும் தேடுதல் குழு அமைத்தாக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி குழுவில் மூவர்: செனட் (பல்கலைக்கழகப் பேரவை) சார்பில் ஒருவர், சிண்டிகேட் (ஆட்சிக்குழு) சார்பில் ஒருவர், வேந்தரான ஆளுநர் சார்பில் ஒருவர். விண்ணப்பங்களை அலசி, மூன்று பெயர் கொண்ட பட்டியலை வேந்தரிடம் கொடுப்பார்கள். அதிலிருந்து ஒருவரை அவர் நியமிப்பார். பதவிக்காலம் 3 ஆண்டு.

இழுபறி குழுவிலேயே தொடங்கிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி யுஜிசி தலைவர் நியமிக்கும் ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. 2023-ல் ஆளுநர் அவரைச் சேர்த்து நால்வர் குழு அறிவித்தார். மாநில அரசு அவரை விட்டுவிட்டு மூவர் குழுவுக்கு அரசாணை போட்டது.

ஓர் உறுப்பினர்தானே என்று விட முடியாது. கேரளத்தில் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு நடந்ததைப் பாருங்கள். விதிப்படி 3 முதல் 5 பெயர் தர வேண்டிய குழு, ஒரே பெயரைத் தந்தது. குழு அமைந்த விதமும் யுஜிசி விதிக்கு ஒத்துவரவில்லை. துணைவேந்தர் பதவியில் இருக்கும்போதே, 2022 அக்டோபர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. இரண்டே நாளில் 9 பல்கலைக்கழகத் துணைவேந்தர்களை விலகச் சொன்னார் அம்மாநில ஆளுநர். கேரளத்தின் கண்ணூர்ப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரை மீண்டும் நியமித்த ஆணையில் வேந்தர் கையெழுத்து இருந்தது. ஆனாலும் முடிவில் மாநில அரசு தலையிட்டது என்று சொல்லி, 2023 நவம்பர் 30 அன்று அந்த மறுநியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாதியில் துணைவேந்தரை இழக்கும் பல்கலைக்கழகத்தில் அடிபடுவது மாணவர்கள்தான். அதனால் தாமதம் வலித்தாலும், குழுவைச் சரியாக அமைப்பதில் அவசரம் கூடாது என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: விண்ணப்பிக்க என்ன தகுதி?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: 2018 விதிமுறைப்படி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக 10 ஆண்டு, அல்லது பெயர்பெற்ற ஆராய்ச்சி, கல்வி நிர்வாக நிறுவனத்தில் 10 ஆண்டு, கல்வித் தலைமைக்கான சான்றோடு. பலர் சறுக்குவது கணக்கில்: இணைப் பேராசிரியராக இருந்த வருடங்களைப் பேராசிரியர் கணக்கில் சேர்க்க முடியாது. பதவி உயர்வு ஆணையின் தேதியை முதலில் எடுத்துப் பாருங்கள். குழு உறுப்பினர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: அந்தப் பல்கலைக்கழகத்தோடோ அதன் கல்லூரிகளோடோ எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.