கிழிந்த சட்டை

கேள்வி: பைபிளில் வரும் யோசேப்பும் குர்ஆனில் வரும் யூசுஃபும் ஒருவர்தானா?

பதில்: ஒருவர்தான். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதை கேட்டு வளர்ந்த எனக்கு, குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தைப் படித்தபோது அந்தச் சட்டைதான் ஆச்சரியம். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில், யோசேப்பை அடிமையாக வாங்கிய எகிப்திய அதிகாரி போத்திபாரின் மனைவி அவரை மயக்கப் பார்க்கிறாள்; தப்பி ஓடும் யோசேப்பின் ஆடை அவள் கையில் சிக்கிக்கொள்கிறது. அதையே காட்டிப் பழி போடுகிறாள். குர்ஆனிலோ சட்டை பின்பக்கம் கிழிந்திருக்கிறது. அப்படியென்றால் ஓடியவர் அவர், துரத்தியவள் அவள்! நல்ல துப்பறியும் வேலை. அப்படியும் சிறை தப்பவில்லை, பாவம்.

அப்புறம், யூசுஃபின் அழகைப் பார்த்து மலைத்த ஊர்ப் பெண்கள் கத்தியால் தங்கள் கையையே வெட்டிக்கொள்ளும் காட்சி ஆதியாகமத்தில் கிடையாது. யூதர்களின் மிட்ராஷ் விளக்கக் கதைகளில் உண்டு. போத்திபாரின் மனைவிக்குப் பின்னாளில் வழங்கிய ஜுலைகா என்ற பெயரை மட்டும் தேடாதீர்கள். பைபிள், குர்ஆன் இரண்டிலுமே அவளுக்குப் பெயர் இல்லை.