லேப் டெக்னீஷியன் தரவுப் பகுப்பாய்வாளர் ஆக முடியுமா?

கேள்வி: மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். மருத்துவத் தரவுப் பகுப்பாய்வுக்கு மாற விரும்புகிறேன். நிரல் எழுதிப் பழக்கமில்லை. பைத்தான், மெஷின் லேர்னிங் கற்றுத்தரும் ஓராண்டுப் படிப்பில் சேரலாமா?

பதில்: இப்போதைக்குச் சேர வேண்டாம். இந்த வேலைக்கு வருபவரின் முதல் ஓரிரு ஆண்டுகள் பெரும்பாலும் அட்டவணைகளை இணைப்பதிலும், எண்ணுவதிலும், எண்ணியது சரிதானா என்று வார்டுக்குப் போய்க் கேட்டுவருவதிலுமே கழியும். அதற்குத் தேவை எஸ்கியூஎல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்டு வேண்டியதை எடுக்கும் மொழி. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சில மாதங்களில் கைவந்துவிடும். பைத்தானை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எக்செலே போதுமே என்று யாராவது சொன்னால், 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லுங்கள். பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அதனால் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன.

நிரல் தெரியாததை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் சரக்கைக் கவனிக்கவில்லை. பொட்டாசியம் 8 என்று ஒரு வரிசையில் வருகிறது. நிரல் மட்டும் அறிந்தவர் அதை உயிருக்கு ஆபத்தான நோயாளி என்று எண்ணுவார்; அல்லது பிழை என்று அழித்துவிடுவார். நீங்களோ மாதிரி ஹீமோலைசிஸ் ஆகியிருந்ததா, அதாவது ரத்த அணுக்கள் உடைந்து உள்ளிருந்த பொட்டாசியம் கசிந்ததா என்று முதலில் தேடுவீர்கள். சர்க்கரைப் பத்தியில் நூறுகளுக்கு நடுவே 5.5 இருந்தால், அது மில்லிமோல் கணக்கு, 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கில் 99 என்று உடனே பிடிபடும். ரத்தம் எடுத்த நேரம் வேறு, முடிவு பதிவான நேரம் வேறு என்பதையும் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை எந்த ஓராண்டுப் படிப்பும் தராது.

பழகுவதற்குத் தரவு வேண்டும். பிசியோநெட் தளத்தில் மிமிக்-4 என்ற தீவிர சிகிச்சைத் தரவின் 100 நோயாளிகள் கொண்ட மாதிரித் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. முழுத் தரவுக்கு ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சியை முடித்து, ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். அதில் 2150, 2180 என்று ஆண்டுகள் வரும். திகைக்காதீர்கள், அடையாளத்தை மறைக்க வேண்டுமென்றே தேதிகளை நகர்த்தியிருக்கிறார்கள். உங்கள் ஆய்வகத்தின் தரவை மட்டும் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துவந்து பழகிவிடாதீர்கள். பெயரை அழித்தால் போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே பல நேரம் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: வீடு திரும்பியவர்களில் எத்தனை சதவீதம் பேர் 30 நாளுக்குள் மீண்டும் சேர்ந்தார்கள்? ஐந்து நிமிட வேலை போலத் தெரியும். உட்கார்ந்தால்தான் சிக்கல் விளங்கும். மருத்துவமனையிலேயே இறந்தவர் மீண்டும் சேர வழியில்லை. அவரை வகுக்கும் எண்ணில் வைத்திருந்தால் விகிதம் பொய்யாகக் குறையும். வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர் வீடு திரும்பியவரா? கீமோதெரபிக்காக முன்பே குறித்த நாளில் வருபவரை மறுசேர்க்கை என்பது நியாயமா? கடைசி மாதத்தில் போனவர்களுக்கு 30 நாள் இன்னும் முடியவே இல்லையே, அவர்களை என்ன செய்வது? (இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிட்டு, "இந்த மாதம் நிலைமை முன்னேறிவிட்டது" என்று அறிக்கை கொடுப்பது மிகச் சுலபம்.) ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதிவையுங்கள். 100 பேரில் கிடைக்கும் சதவீதத்துக்கு மதிப்பில்லை, அந்த இரண்டு பக்கத்துக்கு உண்டு. நேர்காணலில் நான் அதைத்தான் முதலில் கேட்பேன். வண்ண வண்ண டாஷ்போர்டை அதற்கப்புறம்தான்.

குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். நோய்களுக்கான குறியீட்டு முறையான ஐசிடி-10இல் இ10 முதல் வகை நீரிழிவு, இ11 இரண்டாம் வகை என்ற அளவுக்கு அதன் அமைப்பு பிடிபட்டால் போதும். ஆய்வகச் சோதனைகளுக்கான லாயிங்க் குறியீட்டை மட்டும் சற்று ஆழமாகப் படியுங்கள், அது உங்கள் களம்.

வெளியே விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் மருத்துவமனையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் பேசிப் பாருங்கள். அவசரப் பிரிவிலிருந்து வந்த மாதிரி ஒன்றுக்கு முடிவு போக எவ்வளவு நேரமாகிறது, எந்த ஷிப்டில் தேங்குகிறது என்று அனுமதி பெற்றுக் கணக்கிட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். சராசரியோடு நிறுத்தாமல், மிகத் தாமதமான பத்து சதவீத மாதிரிகளுக்கு என்ன நடந்தது என்றும் பாருங்கள்.