ரசம் கண்ணாடிக் கோப்பையில் வந்தால் யார் கூச்சப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 61, வீட்டுக்காரருக்கு 66. சுத்த சைவம். அடுத்த மாதம் எங்கள் 40-வது கல்யாண நாள். சென்னையில் வேலை பார்க்கும் மகன், நட்சத்திர ஓட்டல் ஒன்றில் ‘டேஸ்டிங் மெனு’ சாப்பாட்டுக்கு மேஜை பிடித்து வைத்திருக்கிறான். எல்லாம் நம்மூர்ச் சாப்பாடுதானாம், ஆனால் 9 அயிட்டம் ஒவ்வொன்றாக வருமாம், ரசத்தைக்கூடக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தருவார்களாம். ஆளுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும் என்றதும் இவர், “அந்தக் காசில் ஒரு தெருவுக்கே சாப்பாடு போடலாமே” என்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. வேட்டியைத் தவிர வேறு எதுவும் உடுத்த மாட்டார். எனக்கு ஸ்பூனும் ஃபோர்க்கும் கைக்கு வராது. சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். சம்பந்தியம்மா இந்த மாதிரி இடங்களுக்குப் போய்ப் பழகியவர். அவர் முன்னால் நான் அசடு வழிய வேண்டுமா? மகன் மனம் நோகாமல் இதைத் தவிர்க்க வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: தவிர்க்க வழி இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன். போய்விட்டு வாருங்கள். அன்றைக்கு அந்த மேஜையைச் சுற்றி உட்காரப் போகிறவர்களில் அந்தச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் தெரிந்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஸ்பூன் பிடிக்கத் தெரியாததும் இதுவும் வேறு வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஓட்டலின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் கோப்பையில் ரசம் என்றதும் கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலில் இருக்கும் அவர்தனா என்ற உணவகம்தான் நினைவுக்கு வருகிறது. 2017-ல் தொடங்கிய இடம். 7 கோர்ஸிலிருந்து, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக 7 தட்டு வருவதிலிருந்து, 13 கோர்ஸ் வரை மெனுக்கள் உண்டு. மாயா, பேலா, ஜியா, அனிகா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சைவத்துக்குத் தனி வரிசை இருக்கிறது. ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2025-ல் 30-வது இடம் பிடித்தது. அந்த இடத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது தெளிந்த தக்காளி ரசம்தான். காப்பி இறக்கப் பயன்படும் பிரெஞ்ச் பிரஸ் குடுவையில் கொத்தமல்லித் தழையோடு கொண்டுவந்து, மேஜையிலேயே தண்டு வைத்த கோப்பையில் ஊற்றுகிறார்கள். பயப்படாதீர்கள், உள்ளே இருப்பது ரசம்தான்.

இந்த மாதிரி நிறமில்லாத தக்காளிச் சாற்றைப் பெரிய சமையலறைகளில் பல விதமாக எடுக்கிறார்கள். எளிய வழியை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். பழுத்த தக்காளியை உப்புப் போட்டு அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, கீழே பாத்திரம் வைத்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் தொங்கவிடுங்கள். பிழியக் கூடாது. காலையில் பாத்திரத்தில் இறங்கியிருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரியே தெரியும். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் தண்ணீரில் கரையாது, சக்கையோடு துணியிலேயே தங்கிவிடும். புளிப்பும் உப்பும் லேசான இனிப்பும் மட்டும் நீரோடு கீழே வந்துவிடும். ஒரு ஸ்பூன் வாயில் விட்டால் கண் ஒன்று சொல்லும், நாக்கு ஒன்று சொல்லும். வித்தை அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள், ரசத்தில் தெளிவு வேறு, மண்டி வேறு என்று தெரிந்து வைத்திருப்பவர் யார்? காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குத் தெளிவை மட்டும் மேலாக இறுத்து டம்ளரில் கொடுத்தவர் நீங்கள். முதன்முதலாக ரசத்தைப் பார்க்கிற வெளியூர்க்காரர் அந்தக் கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மிளகு முன்னால் வருகிறதா, சீரகம் முன்னால் வருகிறதா, பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா என்பதெல்லாம் ஒரே வாயில் தெரிவது உங்களுக்குத்தான். இந்த வகைச் சமையலே தெரிந்த ருசியைத் தெரியாத உருவத்தில் வைத்து நீட்டுவது. பழைய ருசி தெரியாதவருக்குப் பாதி விளையாட்டு புரியாமலே போய்விடும்.

ஒவ்வொன்றாக வரும் என்று கவலைப்படுகிறீர்கள். கல்யாணப் பந்தியில் என்ன நடக்கிறது? உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் மெனு அட்டையை நீட்டுவதில்லை. பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், பாயசம், மோர் என்று அவர்கள் வைத்த வரிசைப்படிதான் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறோம். ஓட்டலில் இலைக்குப் பதில் தட்டு மாறுகிறது, நடுவில் இடைவெளி விடுகிறார்கள். பந்தியில் அடுத்த வரிசைக்காரர் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது மட்டும் அங்கே கிடையாது.

வருகிற எல்லாமே பிரமாதமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்த வகை உணவகங்களில் பல, நுரையை நம்பிப் பிழைக்கின்றன. சாம்பாரை நுரையாக்கினால் வாசனை இருக்கும், வாயில் வைத்ததும் காணாமல் போகும். சோறு பிசைந்து வளர்ந்த நமக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். இன்னொன்று, தட்டு வைக்க வருகிற பையன் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாட்டி கதை சொல்வான். மூன்றாவது பாட்டிக்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிடுவேன், நீங்களும் விட்டுவிடலாம். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று மெதுவாகச் சொல்லலாம். எது குறைந்தது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘புளி போதவில்லை’ என்று உங்களைப் போன்ற ஒருவர் சொன்னால் நல்ல சமையல்காரர் காது கொடுத்துக் கேட்பார். ‘இதை நான் பத்து ரூபாயில் செய்வேன்’ என்பதை மட்டும் அன்றைக்குச் சொல்ல வேண்டாம். உண்மையாகவே இருந்தாலும், பணம் கட்டுகிற மகனுக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற கணக்கு தப்பில்லை, அந்தக் காசில் நிறையப் பேருக்குச் சோறு போடலாம். அந்த எண்ணம் இருந்தால் கல்யாண நாளன்று காலையில் அதையும் செய்யுங்கள். அதற்காக ராத்திரிச் சாப்பாட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை. அவருக்கு இன்னொரு செய்தியும் சொல்லுங்கள். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர் விஜய் குமார், நியூயார்க்கில் ‘செம்ம’ என்ற உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். நீங்கள் சைவம் என்று தெரிந்தும் சொல்கிறேன், வயலில் பிடிக்கிற நத்தையைப் பிரட்டி அமெரிக்காவில் பரிமாறுகிறவர் அவர். நல்ல உணவகங்களுக்கு உலக அளவில் தருகிற மிஷெலின் நட்சத்திரத்தை அந்த உணவகம் 2022-ல் வாங்கியது. 2025-ல் அவருக்கு அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தபோது மேடைக்கு வேட்டியில்தான் போனார். நம் ஊர்ச் சமையலுக்குப் பெரிய விலை கொடுக்க வெளியூர்க்காரர்கள் தயாராகிவிட்டார்கள். இத்தாலியச் சாப்பாட்டுக்கு அந்த விலையைக் கேட்டால் நம் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். ரசத்துக்குக் கேட்டால் மட்டும் நமக்கு ஏன் பகீரென்கிறது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

வேட்டி விஷயத்தில் கவலையே வேண்டாம். சென்னையில் ஒரு கிளப்பில் உயர் நீதிமன்ற நீதிபதியையே வேட்டி கட்டியதற்காக உள்ளே விடாமல் தடுத்தார்கள். அது பெரிய விவகாரமாகி, வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று 2014-ல் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவந்தது. உங்கள் வீட்டுக்காரரை வெள்ளை வேட்டியில், அங்கவஸ்திரத்தோடு அழைத்துப் போங்கள். குளிர்சாதனம் பலமாக இருக்கும், உங்களுக்கும் ஒரு சால்வை இருக்கட்டும்.

நான் நிஜமாகவே கவலைப்படுவது அவருடைய சர்க்கரைக்காக. இந்தச் சாப்பாடு முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் வருவதெல்லாம் ஒரு வாய், இரண்டு வாய் அளவுதான். வழக்கம்போல வீட்டிலேயே மாத்திரையையோ ஊசியையோ போட்டுக்கொண்டு கிளம்பி, போக்குவரத்தில் மாட்டி, அதன்பிறகு முக்கால் மணி நேரம் ஒரு வாய்த் துணுக்குகளோடு உட்கார்ந்திருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம். எதை எப்போது போடுவது என்று இப்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மகனிடம் சொல்லி, இருப்பதிலேயே முதல் நேரமாக முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். ‘அப்பாவுக்குச் சர்க்கரை, முதல் தட்டு சீக்கிரம் வரட்டும்’ என்று உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். கடைசி இனிப்பில் இரண்டு வாய் அவர் சாப்பிடட்டும், மீதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டு மாற்றிக்கொள்வது அங்கே ஒன்றும் குற்றமில்லை.

சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது என்பதையும் மகனுக்குத் தெரியப்படுத்துங்கள். கட்டியாக ஆடுகிற இனிப்புகளிலும் ஜெல்லி மாதிரியான துணுக்குகளிலும் ஜெலட்டின் போடுவது உண்டு. அது மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது. அதற்குப் பதிலாக அகர் அகர், அதாவது நம் வீட்டில் சைனா கிராஸ் என்று வாங்குகிற கடற்பாசியைப் போட்டும் செய்யலாம். சைவ மெனுவில் பெரும்பாலும் அதைத்தான் போடுவார்கள், இருந்தாலும் கேட்டுக்கொள்வது நல்லது. சில வெளிநாட்டுச் சீஸ் வகைகளைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கிறார்கள். முட்டை சேர்ப்பார்களா, சாஸில் மது சேர்ப்பார்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள். காலண்டரையும் ஒரு தடவை பாருங்கள். அன்றைக்கு அமாவாசையோ கிருத்திகையோ வந்து, நீங்கள் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்களாக இருந்தால் அதையும் இப்போதே சொல்ல வேண்டும். இதையெல்லாம் மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் ஏதோ ஒரு பதில் தட்டு வரும். இரண்டு நாள் முன்னால் சொன்னால் உங்களுக்கென்று யோசித்துச் செய்வார்கள். இந்த வகை இடங்களில் முன்கூட்டிச் சொல்வதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள், முன்பதிவு செய்யும்போது அவர்களே கேட்பது வழக்கம்.

ஸ்பூன், ஃபோர்க்: வெளிப்பக்கம் இருப்பதிலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். முதலில் வருகிற துணுக்குகளைப் பெரும்பாலும் விரலாலேயே எடுத்து வாயில் போடலாம். ஆப்பமோ இடியாப்பமோ வந்தால் கையால் சாப்பிடுங்கள். ஒருவர் ஆரம்பித்தால் போதும், மேஜையில் பாதிப் பேர் நிம்மதியாக ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

சம்பந்தியம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் அவர் உங்களை ஏதாவது சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. இந்த மாதிரி இடங்களுக்குப் போய்ப் பழகியவர் என்பது மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் அது உங்களுக்கு வசதி. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘இதை எப்படிச் சாப்பிடுவது சம்பந்தி?’ என்று அவரிடமே கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு தட்டு வரும், ‘இது என்ன ருசி, தெரிந்த மாதிரி இருக்கிறதே’ என்று அவர் யோசிப்பார். மணத்தக்காளி வற்றல் என்றோ மோர்க்குழம்பு என்றோ நீங்கள் சொல்வீர்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேசப் போதுமான விஷயம் கிடைத்துவிடும்.

பில்லை மகன் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. மட்டும் 18 சதவீதம், அதைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரருக்குச் சாப்பிட்டது இறங்காது. சேவைக் கட்டணம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னதை, 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் சரி என்று சொல்லிவிட்டது. அது பில்லில் இல்லையென்றால், பரிமாறிய பையனுக்கு ஏதாவது கொடுக்கிற வேலையை உங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள். வேட்டி மடிப்பிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்தால் அந்தப் பையன் மறுக்க மாட்டான்.