அந்த மாதப் பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தம்பி

இங்கிலாந்து வந்து இரண்டு மாதம், மனைவிக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, மகளுக்கு மூன்று வயது என்று எழுதியிருக்கிறீர்கள். தெருமுனையில் பழைய ஆங்கிலிக்கன் சர்ச், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயம். வீட்டுக்கு வீடு அவர்கள் போடும் மாதப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது, பின்பக்கம் முழுக்க நிகழ்ச்சிகள். “இதில் எதற்குப் போவது? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்களான எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா? இல்லை, ஒரு மணி நேரம் கார் ஓட்டித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் ஐக்கியத்துக்கே போய்விடலாமா?” என்பது உங்கள் கேள்வி. கார் இன்ஷூரன்ஸ், ஹீட்டிங் பில் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விவரம் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்ச் விஷயத்தில் மட்டும் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. 2003 குளிர்காலத்தில் நானும் நர்ஸாகத்தான் இங்கே வந்து இறங்கினேன்.

சேர்த்துக்கொள்வார்களா என்ற பயமே வேண்டாம். இங்கிலாந்து முழுவதையும் பாரிஷ் பாரிஷாக, அதாவது சர்ச் வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் அது ஏதோ ஒரு பாரிஷுக்குள்தான் வரும். அந்த எல்லைக்குள் இருக்கிற எல்லாருக்கும் விக்கர் எனும் பாரிஷ் போதகர் பொறுப்பு, சர்ச் பக்கமே எட்டிப்பார்க்காதவர்களுக்கும் சேர்த்து. நம் சி.எஸ்.ஐ.யோ, 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாகி உருவானது. இன்று உலக ஆங்கிலிக்கன் சபைகளின் கூட்டமைப்பில் அதுவும் ஓர் உறுப்புச் சபை. நீங்கள் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு நேராகப் போய் முழங்கால் போடுங்கள்.

காபி நேரத்தில் யாராவது ஒரு பாட்டி, “இங்கே வந்த பிறகுதான் கிறிஸ்தவர் ஆனீர்களா?” என்று கேட்பார். என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், ஆனால் பதில் சொல்லாமலும் விடாதீர்கள். தரங்கம்பாடியில் 1715லேயே புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது என்று சொல்லுங்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அசரியா ஒரு தமிழர், திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளைக்காரர், 1912இல் கல்கத்தாவில் அபிஷேகமானவர் என்று சொல்லுங்கள். நான் சொன்ன அன்று எங்கள் பாட்டி ஒருவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, “இதை நீ பத்திரிகைக்கு எழுதிக் கொடு” என்றார். எழுதிக் கொடுத்தேன், அடுத்த மாதமே போட்டார்கள்.

இனி அந்தப் பின்பக்கத்துக்கு வருவோம். முதல் எச்சரிக்கை இது: இங்கே பல இடங்களில் ஆராதனை வாரக் கணக்கில் நடப்பதில்லை, மாதக் கணக்கில் நடக்கிறது. ஒரே விக்கர் மூன்று நான்கு சர்ச்சுகளைப் பார்த்துக்கொள்வது இப்போது சர்வ சாதாரணம். அதனால் முதல் ஞாயிறு பிள்ளைகளோடு சேர்ந்த குடும்ப ஆராதனை, இரண்டாம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு 1662ஆம் வருடத்து ஜெபப் புத்தகப்படி பாட்டில்லாத திருவிருந்து, மூன்றாம் ஞாயிறு பத்து மணிக்குப் பாட்டோடு திருவிருந்து, நான்காம் ஞாயிறு ஈவன்சாங் எனும் மாலை ஜெபம் என்று ஏதாவது ஒரு வரிசை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பாரிஷுக்கும் வரிசை வேறு. ஐந்தாம் ஞாயிறு வந்தால் பல இடங்களில் எல்லாச் சர்ச்சுக்கும் சேர்த்து ஒரே ஆராதனை, அதுவும் பக்கத்துக் கிராமத்தில். போன குளிர்காலத்தில் நம் ஊர்க் குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றதைப் பார்த்தேன். “இங்கே சபையே செத்துவிட்டது அக்கா” என்றார் அந்தத் தம்பி. சபை சாகவில்லை, இரண்டு மைல் தள்ளி இருந்தது. என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன்.

இரண்டாவது, உங்கள் மனைவிக்கு. ஷிப்ட் வேலையில் ஞாயிறு கையில் இருக்காது. அதற்காக ஆராதனை இல்லாமலே மாதங்களை ஓட்டாதீர்கள். பின்பக்கத்தில் புதனோ வியாழனோ காலை பத்து, பத்தரைக்கு ஒரு திருவிருந்து போட்டிருக்கும், பாருங்கள். ஒரு பாரிஷின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. நான் நைட் டியூட்டி முடித்து, யூனிபார்ம் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, தூக்கம் கண்ணைச் சொருக அங்கே போய் உட்காருவேன். பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள், எல்லாரும் எழுபது தாண்டியவர்கள். பெரிய சர்ச்சைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது என்று பக்கவாட்டுச் சிற்றாலயத்தில் ஒரு ஹீட்டரை வைத்து நடத்துவார்கள். ஞாயிறு ஆராதனையில் பல வாரம் என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. புதன்கிழமைக் கூட்டத்திலோ, இரண்டாம் வாரமே என் பெயரைச் சொல்லி, என் அம்மாவின் முட்டுவலிக்கும் சேர்த்து ஜெபித்தார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு புதன் போகாதபோது, மதியம் கதவைத் தட்டியது அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு முதியவர். சூப் கொண்டுவந்திருந்தார், உள்ளே வரவில்லை, வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய அடக்க ஆராதனையில் பிற்பாடு வேதபாடம் வாசித்தது நான்.

ஆரம்பம் எல்லாருக்கும் இப்படி இருக்காது. நான் முதலில் போன வேறொரு சர்ச்சில், வாசலில் பாட்டுப்புத்தகம் கொடுத்தவர் என்னைப் பார்த்ததும், “உங்கள் ஆட்களின் கூட்டம் மாலை மூன்று மணிக்கு, பின்னால் ஹாலில்” என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் அதிகம் வலித்தது. நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், தம்பி. வெளியே திரும்பி வராதீர்கள்.

அடுத்து, யாராவது நம்மைக் கூப்பிட்டுப் பொறுப்புக் கொடுப்பார்கள் என்று காத்திருக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் ஊரில் சபை ஐயர் (போதகர்) வீட்டுக்கு வந்து கேட்பார், கமிட்டிக்காரர் வந்து கேட்பார். இங்கே கேட்கமாட்டார்கள். தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. ஆராதனை முடிந்ததும் பின்பக்க மேசைக்குப் போங்கள். அங்கே பார்வையாளர் கையெழுத்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருக்கும், ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் ரோட்டா. தேதி ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்: காபி, வாசலில் வரவேற்பு, வேதபாடம், பரிந்துரை ஜெபம், பூ அலங்காரம், பித்தளை துலக்குவது. பல கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஒன்றில் உங்கள் பெயரை எழுதுங்கள். காபியில் ஆரம்பிப்பது நல்லது, ஹாலின் சின்ன ஜன்னல் வழியாகக் கோப்பையை நீட்டும்போது எல்லார் முகமும் பெயரும் பழகிவிடும். வெந்நீர்ப் பாத்திரம் சூடாக முக்கால் மணி நேரம் ஆகும், ஆராதனைக்கு முன்னாலேயே சுவிட்சைப் போட்டுவிட வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அம்மாள், பச்சைக் கோப்பைகளை எந்த அலமாரியில் எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். இன்று அந்த அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. பூ அலங்காரத்தில் உங்கள் மனைவிக்கு ஆசை இருந்தால் நல்லது, ஆனால் லெந்து எனும் தவக்கால நாட்களில் பீடத்தில் பூ வைக்கமாட்டார்கள், ஈஸ்டருக்கு முந்தின நாள் சனிக்கிழமைதான் ஆள் தேவைப்படும்.

பிள்ளைகள் வேலையில் சேர நினைத்தால் குற்றப் பின்னணி பார்க்கும் டி.பி.எஸ். சோதனை கேட்பார்கள், பாதுகாப்புப் பயிற்சியும் உண்டு. ஊரில் இருபது வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்திய ஒருவர், “என்னையே சந்தேகப்படுகிறார்களா?” என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். விக்கருக்கும் அதே சோதனைதான். பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த விதி அது, அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

உங்கள் பெயரை எலெக்டோரல் ரோலில் சேர்த்துவிடுங்கள். கவுன்சில் வாக்காளர் பட்டியல் வேறு, இது பாரிஷின் பட்டியல். பதினாறு வயது நிரம்பி, ஞானஸ்நானம் பெற்று, பாரிஷ் எல்லைக்குள் குடியிருக்கும் சி.எஸ்.ஐ. அங்கத்தினர் உடனே விண்ணப்பிக்கலாம். எல்லைக்கு வெளியே இருப்பவர்கள்தான் ஆறு மாதம் தவறாமல் வந்திருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு ஒருமுறை பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள், 2025இல் எழுதினார்கள், அடுத்தது 2031. மே மாத முடிவுக்குள் வருடாந்தரக் கூட்டம் நடக்கும். வார்டன்கள் எனும் சபைப் பொறுப்பாளர்கள் இருவரையும் பி.சி.சி. எனும் பாரிஷ் குழுவையும் அதையொட்டித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரில் சேகர கமிட்டித் தேர்தல் என்றால் கோர்ட் வரைக்கும் போகிற நம் ஆட்கள், இங்கே ஆள் கிடைக்காமல் இவர்கள் தவிக்கும்போது பின்பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. அந்தக் கட்சிச் சண்டையை ஊரிலேயே விட்டுவிட்டு, உழைக்கிற கையை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

காணிக்கை பற்றி ஒரு வார்த்தை. அரசாங்கத் திருச்சபைதானே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பலர் தட்டில் சில்லறை போடுகிறார்கள். விக்கர் சம்பளத்தை அரசாங்கம் கொடுப்பதில்லை. பாரிஷ்கள், பேராயரின் ஆளுகையில் உள்ள திருமண்டலத்துக்குக் கட்டுகிற பங்கிலிருந்துதான் பெருமளவு போகிறது. கூரை ஒழுகினால் அதுவும் பாரிஷ் தலையில்தான். முடிந்ததை மாதாமாதம் வங்கி வழியாகக் கொடுங்கள். நீங்கள் இங்கே வருமான வரி கட்டுகிறவர் என்றால் நீங்கள் கட்டிய வரியில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குச் சேர்க்கும் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள், ஒரு பவுண்டு கொடுத்தால் சர்ச்சுக்கு ஒன்றேகால் பவுண்டாகச் சேரும்.

பள்ளிக்கூட விஷயத்தில் கண்டிப்பாக எச்சரிக்க வேண்டும். மகளுக்கு நான்கு வயது முடிந்ததும் வருகிற செப்டம்பரில் ரிசெப்ஷன் எனும் பள்ளியின் முதல் வகுப்பு. அதற்கு முந்தின ஜனவரி 15தான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சில சர்ச் பள்ளிகள் பெற்றோர் ஒழுங்காக ஆராதனைக்கு வந்தார்களா என்று விக்கரிடம் கையெழுத்துக் கேட்கும், எவ்வளவு காலம் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். அந்தந்தப் பள்ளியின் சேர்க்கை விதியை இப்போதே படித்துவிடுங்கள். ஆனால் அந்தக் கையெழுத்துக்காகவே வந்து, இடம் கிடைத்த மறுவாரமே காணாமல் போகிற குடும்பமாக இருக்காதீர்கள். வெள்ளைக்காரர்களும் செய்கிறார்கள், நம்மவர்களும் செய்கிறார்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட விக்கரின் முகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது, அதாவது ஆராதனையில் அறிவிப்பது, இங்கேயும் மூன்று ஞாயிறுதான். ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் ஓலை செல்லாது, ரெஜிஸ்டர் ஆபீஸ் சான்றிதழ் வேண்டும். மண்டபம் பிடிப்பதற்கு முன்னால் விக்கரிடம் கேட்கச் சொல்லுங்கள், உங்கள் தம்பி தங்கைகள் யாராவது வந்தால்.

மீதி நிகழ்ச்சிகளில் உங்களுக்கு ஏற்றதைச் சொல்கிறேன். மகளுக்கு மெஸ்ஸி சர்ச், 2004இல் போர்ட்ஸ்மவுத் பக்கம் தொடங்கி நாடெங்கும் பரவியது. கைவேலை, கதை, பாட்டு, கடைசியில் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. மனைவிக்கு மதர்ஸ் யூனியன், 1876இல் மேரி சம்னர் அம்மையார் ஹாம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் தொடங்கியது. உங்களுக்கு மணிக்கூண்டு. சிரிக்காதீர்கள், வாரத்தில் ஒரு மாலை பயிற்சி இருக்கும், புது ஆள் வந்தால் மணியடிக்கிறவர்களுக்கு அத்தனை சந்தோஷம். கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ளவே பல வாரம் ஆகும், அதற்குள் ஊரில் பாதிப் பேர் பழக்கமாகிவிடுவார்கள். நவம்பர் இரண்டாம் ஞாயிறு போர் நினைவு ஆராதனைக்கு அவசியம் போங்கள். அந்த இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் போனார்கள், அங்கே நிற்க உங்களுக்கும் உரிமை உண்டு. லெந்து நாட்களில் சூப்பும் ரொட்டியுமாக ஒரு மதிய உணவு வைத்து அந்தப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுப்பார்கள். புதிதாக வந்தவருக்கு அதைவிட எளிதாக உட்கார்ந்து பேச இடம் கிடைக்காது.

தமிழ் ஐக்கியத்துக்கும் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீர்த்தனை பாடாமல் எனக்கும் இருப்புக்கொள்ளாது. மாதத்தில் ஒரு மாலை அதற்கு வைத்திருக்கிறேன், அங்கே பாடினால்தான் தொண்டை திறக்கிறது. ஆனால் எல்லா ஞாயிறும் காரில் போய்வந்துகொண்டு, பத்து வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு மூச்சுத் திணறினால், ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஐக்கியத்தார் வருவதற்குள் விடிந்துவிடும். உதவிக்கு ஓடி வருகிறவர் அதே தெருவில் இருக்க வேண்டும்.

கடைசியாக மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருவிருந்து நேரத்தில் அவளையும் கூட்டிக்கொண்டு முன்னால் போங்கள், விக்கர் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். சில பாரிஷ்களில் பேராயர் அனுமதியோடு, முழு அங்கத்தினராகும் சடங்கான திடப்படுத்தலுக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு அப்பம் கொடுக்கிறார்கள். உங்கள் பாரிஷில் எப்படி என்று வார்டனிடம் கேளுங்கள். அப்படியே ரோல் படிவத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.