தப்பாகப் போட்ட தையலைத் துணி கிழியாமல் பிரிப்பது எப்படி?

புதிதாகத் தையல் பழகுகிறேன், தப்பான தையலைப் பிரிக்கும்போதெல்லாம் துணியும் சேர்ந்து கிழிகிறது, சீம் ரிப்பர் (தையல் நூலை அறுத்துப் பிரிக்கும், இரண்டு முனை உள்ள சின்னக் கருவி) வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள். ஆனால் ரிப்பராலும் கிழிக்கலாம், நான் கிழித்திருக்கிறேன்.

எனக்குக் கோத்தகிரி. போர்வைக்கு இங்கே வேலை இல்லாத மாதமே கிடையாது, அதனால் திருப்பூர் கட் பீஸ்களைச் சதுரமாக வெட்டி ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்தேன். போன ஐப்பசியில் 48 சதுரத்தையும் இணைத்துக் கட்டிலில் விரித்துப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் உள்பக்கம் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கிறது. வெளியே நல்ல மழை, கரண்ட் வேறு இல்லை. போன் டார்ச் வெளிச்சத்தில், கோபத்தோடு, ரிப்பரைத் தையலுக்குள் விட்டு சர்ரென்று தள்ளினேன். பாதி தூரம் ஒழுங்காகப் போய், அப்புறம் தையலை விட்டு இறங்கிப் பக்கத்துச் சதுரத்தைக் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. ஒன்றைத் திருப்பிப் போட வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் புதிதாக வெட்ட வேண்டியதாயிற்று.

தள்ளுவதுதான் தப்பு. ரிப்பரின் நீள முனை நுழைப்பதற்கு, வெட்டும் கூர் இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள வளைவில் இருக்கிறது. நீள முனையை ஒரே ஒரு தையலுக்கு அடியில் விட்டு லேசாகத் தூக்குங்கள், நூல் வளைவில் மாட்டி 'டிக்'கென்று அறும். அடுத்த மூன்றை விட்டுவிட்டு நாலாவதை அறுங்கள். ஒரு சாண் தூரம் இப்படிப் போனதும் துணியைத் திருப்பி, மறுபக்க நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது அறுபடாமல் ஒரே நூலாகக் கையோடு வந்துவிடும். முரண்டு பிடித்தால் இழுக்காதீர்கள், அறுக்க வேண்டிய ஒரு தையல் நடுவில் அறுபடாமல் இருக்கிறது என்று அர்த்தம். முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் துண்டு நூல்களைச் செல்லோ டேப் வைத்து ஒற்றி எடுங்கள், நகத்தால் பிடுங்கிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

குட்டை முனையில் இருக்கும் சிவப்பு மணி, முனை துணியில் குத்தாமல் இருக்க. கை பழகினவர்கள் மணியைத் துணிப்பக்கம் வைத்து வேகமாக ஓட்டுவார்கள், இப்போதைக்கு உங்களுக்கு அது வேண்டாம். பனியன் துணியில் எப்போதுமே வேண்டாம், ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

எங்கள் தெரு டெய்லர் அண்ணன் ரிப்பரைத் தொடவே மாட்டார். துணியை முழங்காலுக்கு இடையில் இழுத்துப் பிடித்து, அரை பிளேடின் நுனியால் தொட்டுத் தொட்டு நொடியில் பிரித்துவிடுவார். "இது முப்பது வருஷக் கை தங்கச்சி, நீ பார்த்துப் பழகாதே" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

ரிப்பர் மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், மழுங்கினதை வைத்துக்கொண்டால் தள்ளத்தான் தோன்றும். இந்த ஊர் ஈரத்தில் துருவும் பிடிக்கும், அந்தக் கறை வெள்ளைத் துணியில் ஏறினால் லேசில் போகாது. மிஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து வையுங்கள், தைக்க எடுக்கும்போது எண்ணெயையும் துடைத்துவிடுங்கள்.

பிரித்த பிறகு ஊசி ஓட்டை தெரியும். பருத்தி என்றால் தண்ணீர் தெளித்து, நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். ரெயின்கோட், ரெக்சின், தோல் இதிலெல்லாம் ஓட்டை ஓட்டைதான், முதலில் துண்டில் தைத்துப் பாருங்கள்.

வீட்டில் தோடர் பூத்தையல் சால்வை இருந்தால் (2013-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான்) ரிப்பரை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். வரைந்து வைத்துத் தைப்பதில்லை, துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூல் கோப்பது. ஒரு இடத்தில் துணியின் இழை அறுந்தாலும் கணக்கு போச்சு.

ரிப்பர் வந்ததும் போர்வையில் கை வைக்காமல், பழைய தலையணை உறை ஒன்றை எடுத்து நாலு பக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். மூன்றாவது பக்கத்துக்கு வரும்போது கை தானாகத் தள்ளுவதை நிறுத்தியிருக்கும்.